மூன்றாம் அலெக்சாண்டர்: மூன்றே வருடத்தில் வெறுமையான ஒரு வீடு

கேள்வி இதுதான்: ஸ்காட்லாந்து ராஜா மூன்றாம் அலெக்சாண்டர், புதுசாகக் கட்டிய மனைவியைப் பார்க்கும் அவசரத்தில் புயலடிக்கிற ராத்திரியில் குதிரையேறிப் போய் விழுந்து இறந்தார், அந்த ஒரு விழுதலால்தான் நாடே இங்கிலாந்தின் கையில் சிக்கியது என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை, அவருக்கு வேறு பிள்ளைகளே இல்லையா?

விழுந்து இறந்தது உண்மை. ஆனால் பிள்ளைகள் இருந்தார்கள். மூன்று பேர், அதில் இரண்டு பேர் ஆண்பிள்ளைகள், மூத்த பையனுக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. 1281 ஜூன் மாதத்திலிருந்து 1284 ஜனவரிக்குள், மூன்று வருடம்கூட முழுசாக ஆகவில்லை, மூன்று பேரும் போய்விட்டார்கள். என்னைக் கேட்டால் ஸ்காட்லாந்தின் கேடு தொடங்கியது அங்கேதான். 1286-ல் நடந்த குதிரை விபத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, காமத்தால் கெட்ட ராஜா என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை, அந்த மனுஷன் எந்த நிலைமையில் அந்தக் குதிரையில் ஏறினார் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு அவர் குடும்பக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது, கொஞ்சம் நீளும்.

அப்பா இரண்டாம் அலெக்சாண்டர். அவருடைய முதல் மனைவி ஜோன், இங்கிலாந்து ராஜா ஜானின் மகள், அதாவது மூன்றாம் ஹென்றியின் சகோதரி. அவள் 1238-ல் பிள்ளையில்லாமல் இறந்துபோனாள். அடுத்த வருடமே ராஜா பிரான்ஸிலிருந்து ஒரு பிரபுவின் மகளை, மரி டி கூசி என்பவளை, கட்டிக்கொண்டார். 1241 செப்டம்பர் 4-ஆம் தேதி ராக்ஸ்பரோவில் பிறந்தது நம்ம கதைநாயகன், ஒரே பிள்ளை. பையனுக்கு எட்டு வயது நிறையவில்லை, 1249 ஜூலை 8-ல் அப்பா மேற்குக் கரையில் கெர்ரேரா என்ற சின்னத் தீவில் காய்ச்சலில் படுத்து இறந்தார். நார்வே ராஜாவின் கையில் இருந்த மேற்குத் தீவுகளைப் பிடிக்கக் கப்பல் படையோடு போன இடத்தில் நடந்த சாவு அது. அந்த வேலை பாதியில் நின்றுபோனதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஐந்தே நாளில், ஜூலை 13-ல், ஸ்கோன் என்ற இடத்தில் பையனை ராஜாவாக உட்கார வைத்தார்கள். ஸ்காட்லாந்தில் அப்போது ராஜாவுக்கு முடிசூட்டி எண்ணெய் பூசும் வழக்கம் கிடையாது, அதற்குப் போப்பாண்டவரின் அனுமதி கிடைத்திருக்கவில்லை. அவர்களுடைய சடங்கு ஸ்கோன் கல் என்ற புகழ்பெற்ற கல்லின்மேல் உட்கார வைப்பதுதான். தேவாலயத்துக்கு வெளியே, திறந்த வெளியில், சிலுவைக்குப் பக்கத்தில், பட்டுத்துணி போர்த்திய ஆசனத்தில் அந்த ஏழு வயதுப் பையன் உட்கார்ந்திருக்கிறான், பிரபுக்கள் ஒவ்வொருவராக மண்டியிடுகிறார்கள். அப்போது மலைநாட்டுக்காரர் ஒருவர், நரைத்த தலை, முன்னால் வந்து குனிந்து வணங்கிவிட்டு கேலிக் மொழியில் பையனுடைய வம்சாவளியைச் சொல்லத் தொடங்குகிறார்: அலெக்சாண்டர், அலெக்சாண்டர் மகன், அவர் வில்லியம் மகன், அவர் ஹென்றி மகன், அவர் டேவிட் மகன் என்று பின்னால் பின்னால் போய், ஆதிகாலத்து முதல் மூதாதை வரைக்கும் ஒரே மூச்சாக. அந்தச் சடங்கைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும், ஏனென்றால் அத்தனை நீளமாக ஓதிய அந்த ஆண்வழிச் சங்கிலியின் கடைசிக் கண்ணி அந்த ஆசனத்தில் உட்கார்ந்திருந்த பையன்தான் என்று அன்றைக்கு அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியாது.

அம்மா மரி சீக்கிரமே பிரான்ஸுக்குத் திரும்பிவிட்டாள், பின்னால் மறுமணமும் செய்துகொண்டாள். பையன் பிரபுக்கள் கையில். ஒரு பக்கம் காமின் குடும்பம், இன்னொரு பக்கம் ஆலன் டர்வர்டு. இந்த டர்வர்டு ராஜாவுக்கு ஒரு வகையில் மச்சான்தான், இரண்டாம் அலெக்சாண்டருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த பெண்ணைக் கட்டியவர். இந்த இரண்டு கோஷ்டியும் பத்து வருடத்துக்குப் பையனை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். யார் கையில் ராஜா இருக்கிறாரோ அவர்கள் கையில் முத்திரை, அவர்கள் கையில் அதிகாரம், அவ்வளவுதான் கணக்கு. 1257 அக்டோபரில் காமின்கள் கின்ராஸில் தூங்கிக்கொண்டிருந்த ராஜாவை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் கல்யாணம். 1251 கிறிஸ்துமஸுக்கு யார்க் நகரத்தில் இரண்டு அரசவைகளும் கூடின. கிறிஸ்துமஸ் அன்று மூன்றாம் ஹென்றி பையனுக்கு வீரப்பட்டம் கட்டினார், மறுநாள் டிசம்பர் 26-ல் தன் மகள் மார்கரெட்டை அவனுக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்குப் பத்து வயது, பொண்ணுக்குப் பதினொன்று. கூட்டம் நெரிந்து அசம்பாவிதம் ஆகிவிடும் என்று பயந்து, யாருக்கும் சொல்லாமல் விடியற்காலையிலேயே தாலி கட்டுகிற மாதிரி சடங்கை முடித்துவிட்டார்கள் என்று அந்தக் காலத்துத் துறவி மேத்யூ பாரிஸ் எழுதியிருக்கிறார். யார்க் பேராயர் விருந்துக்கு அறுபதுக்கு மேல் மாடுகளைக் கொடுத்தார், அதெல்லாம் முதல் பந்திக்கே போயிற்று என்பதும் அவர் சொன்னதுதான்.

அந்தக் கல்யாணத்தில் ஒரு விஷயம் நடந்தது. மாமனார் ஹென்றி, சந்தடி சாக்கில், ஸ்காட்லாந்து ராஜ்யத்துக்காகவும் எனக்கு அடிபணிந்து உறுதிமொழி சொல் என்று மாப்பிள்ளையிடம் கேட்டார். இங்கிலாந்தில் அவனுக்கு இருந்த நிலங்களுக்காகப் பணிவது வழக்கம், அதில் தகராறு இல்லை. ஆனால் ராஜ்யத்துக்காகப் பணிந்தால் ஸ்காட்லாந்தே இங்கிலாந்தின் கீழ் என்று ஒப்புக்கொண்டதாகும். பத்து வயதுப் பையன் சொன்ன பதில்: நான் இங்கே கல்யாணம் பண்ணிக்கொள்ள வந்தேன், இவ்வளவு பெரிய விஷயத்துக்குப் பதில் சொல்ல வரவில்லை, என் பிரபுக்களைக் கலந்து பேசாமல் சொல்ல முடியாது. யார் சொல்லிக் கொடுத்தார்களோ, கலங்காமல் சொல்லியிருக்கிறான். 27 வருடம் கழித்து 1278-ல் வெஸ்ட்மின்ஸ்டரில், இந்த முறை ஹென்றியின் மகன், மச்சான் முதலாம் எட்வர்டு அரியணையில் இருக்கும்போது, அதே கேள்வி மறுபடி வந்தது. அப்போது முப்பத்தேழு வயது ராஜா, என் ராஜ்யத்துக்காக நான் பணிவது கடவுள் ஒருவருக்குத்தான் என்று சொன்னதாக ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பதிவு.

மார்கரெட் புகுந்த வீட்டில் பட்ட பாடு பாவம். எடின்பரோ கோட்டையில் வைத்தார்கள். பாறைமேல் இருக்கும் கோட்டை, கடல்காற்று, சுற்றிலும் பச்சை என்று பார்க்க ஒன்றுமில்லை, தனிமை, புருஷனோடு சேர்ந்திருக்கவும் விடமாட்டேன் என்கிறார்கள் என்று பிறந்த வீட்டுக்குப் புகார் போனது. மகள் அழுகிறாள் என்றதும் ஹென்றி சும்மா இருக்கவில்லை, 1255-ல் எல்லைக்கே வந்து, காமின் கோஷ்டியை இறக்கிவிட்டு டர்வர்டு கோஷ்டியை ஏற்றினார். அரசியல் லாபமும் அதில் இருந்தது, இருந்தாலும் மகளின் அழுகை ஒரு காரணம் என்றுதான் நான் நம்புகிறேன்.

அப்புறம் அந்தப் பெண் தேறிவிட்டாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கே போனாள், 1261 பிப்ரவரி 28-ல் வின்ட்சரில் ஒரு பெண்குழந்தை, அதற்கும் மார்கரெட் என்றே பெயர். போவதற்கு முன்பே ஸ்காட்டுகள் ஹென்றியிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள், குழந்தையைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, ராஜாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்கூடக் குழந்தையை ஸ்காட்லாந்து பிரபுக்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்று. பிறக்காத குழந்தைக்கே இப்படி ஒப்பந்தம் போட்ட காலம்.

1263-ல் அலெக்சாண்டர் அப்பா விட்ட வேலையைக் கையில் எடுத்தார். நார்வே ராஜா ஹாகோன் பெரும் கப்பல் படையோடு வந்தார், அக்டோபர் தொடக்கத்தில் லார்க்ஸ் கடற்கரையில் புயல் கப்பல்களைக் கரையில் தூக்கி அடிக்க, அங்கேயே மோதல். பெரிய யுத்தம் என்று சொல்ல முடியாது, ஆனால் குளிர்காலம் நெருங்கிவிட்டது, ஹாகோன் ஆர்க்னி தீவுக்குப் பின்வாங்கி டிசம்பரில் அங்கேயே இறந்தார். 1264 ஜனவரி 21-ல் ஜெட்பர்க்கில் அலெக்சாண்டருக்கு முதல் ஆண்பிள்ளை பிறந்தது. அதே நாளில்தான் ஹாகோன் இறந்த செய்தியும் வந்து சேர்ந்தது என்று பழைய வரலாற்றேடு சொல்கிறது. 1266-ல் பெர்த் நகரத்தில் உடன்படிக்கை: 4,000 மார்க் பணத்தை நான்கு தவணையாகவும், அதுபோக வருடத்துக்கு 100 மார்க் நிரந்தரமாகவும் கொடுத்து, மேற்குத் தீவுகளையும் மேன் தீவையும் ஸ்காட்லாந்து வாங்கிக்கொண்டது. ஆர்க்னியும் ஷெட்லாந்தும் நார்வேயிடமே இருந்தன. அந்த ஆர்க்னி கடைசியில் மறுபடி வரும்.

1273-ல் இரண்டாவது பையன் டேவிட். சின்ன வயதிலேயே எத்தனையோ பார்த்துவிட்ட ஒரு தம்பதிக்கு மூன்று பிள்ளைகள், எல்லைகள் அமைதி, துறைமுகங்களில் கம்பளி வியாபாரம் கொழிக்கிறது. பின்னால் வந்த ஸ்காட்டுகள் இந்தக் காலத்தைப் பொற்காலம் என்று ஏங்கினார்கள். அலெக்சாண்டர் செத்த பிறகு பாடிய எட்டு வரிப் பாட்டு ஒன்று இருக்கிறது, ஸ்காட்ஸ் மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய செய்யுட்களில் ஒன்று, ரொட்டியும் பீரும் திராட்சை மதுவும் மெழுகும் ஆட்டமும் சிரிப்புமாக இருந்தோமே, நம் தங்கம் ஈயமாகிவிட்டதே என்று அழுகிறது. மிகைதான், இளவயதில் நடந்த கோஷ்டிச் சண்டையெல்லாம் அதில் இல்லை, ஆனால் அதற்கப்புறம் வந்த யுத்தங்களில் அடிபட்டவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

மகாராணி மார்கரெட்டைப் பற்றி லானர்காஸ்ட் மடத்து வரலாற்றேட்டில் ஒரு சம்பவம் இருக்கிறது. கின்க்ளேவன் பக்கத்தில், ராத்திரிச் சாப்பாடு முடிந்து டே ஆற்றங்கரையில் தோழிகளோடும் பரிவாரத்தோடும் உலாவுகிறாள். ஒரு இளம் வீரன் கரையோரம் உட்கார்ந்து கையில் ஒட்டிய சேற்றைக் கழுவக் குனிகிறான். மகாராணி தூண்டிவிட, தோழி ஒருத்தி விளையாட்டாகப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள். அவனும் சிரிக்கிறான், எனக்கு நீந்தத் தெரியும் என்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். அதற்குள் சுழல் இழுத்துவிட்டது. காப்பாற்றக் குதித்த அவனுடைய வேலைக்காரப் பையனும் சேர்ந்து போய்விட்டான். எடின்பரோ கோட்டையில் அழுத சிறுமி வளர்ந்து இப்படி விளையாடுகிற பெண்ணாக இருந்தாள் என்பதும், அந்த விளையாட்டு இரண்டு உயிரைக் கொண்டுபோனதும் என் மனதைவிட்டுப் போகாத காட்சி. 1275 பிப்ரவரியில் கூப்பர் கோட்டையில் அவள் இறந்தாள். வயது 34.

ராஜாவுக்கு அப்போது 33. பத்து வருடம் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பெண்களைத் தேடி வெயில் மழை பார்க்காமல் ராத்திரியில் அலைந்தார் என்று லானர்காஸ்ட் ஏடு வசை பாடுகிறது, கன்னிமாடத்துப் பெண்களைக்கூட விட்டுவைக்கவில்லை என்று. அந்த ஏட்டை எழுதியவர்களுக்கு இந்த ராஜாமேல் கோபம் உண்டு, அதனால் அதைக் கொஞ்சம் தள்ளித்தான் படிக்க வேண்டும். ஆனால் மறுமணம் ஏன் செய்யவில்லை என்பதற்குப் பதில் எளிது, இரண்டு ஆண்பிள்ளைகள் இருந்தார்கள், அவசரமே இல்லை.

இனிமேல்தான் அந்த மூன்று வருடம்.

1281 ஜூன், ஸ்டர்லிங் கோட்டை, சின்னவன் டேவிட் சாகிறான், எட்டு வயது. அதே கோடையில் மகள் மார்கரெட் கப்பலேறி நார்வே போகிறாள், ராஜா எரிக்குக்குக் கல்யாணம் செய்துகொடுக்கிறார்கள். எரிக் யார் என்றால் லார்க்ஸில் மோதிய ஹாகோனின் பேரன், பழைய பகையைச் சம்பந்தத்தால் தீர்த்துக்கொள்கிறார்கள். பொண்ணுக்கு இருபது வயது, மாப்பிள்ளைக்குப் பதின்மூன்று. சீர் 14,000 மார்க். 1283 ஏப்ரலில் டான்ஸ்பர்க்கில் அவள் இறந்தாள், ஒரு பெண்குழந்தையை விட்டுவிட்டு. அந்தக் குழந்தைக்கும் மார்கரெட் என்றே பெயர் வைத்தார்கள், நார்வே கன்னி என்று வரலாறு அழைக்கும் குழந்தை.

மூத்த பையன் அலெக்சாண்டர் 1282-ல் ஃப்ளாண்டர்ஸ் கோமகனின் மகளைக் கட்டியிருந்தான். 1284 ஜனவரி 28-ல், இருபதாவது பிறந்தநாள் முடிந்து ஒரே வாரத்தில், லிண்டோர்ஸ் மடத்தில் இறந்தான். குழந்தை இல்லை.

அந்தத் தகப்பனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அழுவதற்குக்கூட நேரம் எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. மகன் இறந்து எட்டே நாளில், பிப்ரவரி 5-ல், ஸ்கோனில் பிரபுக்களைக் கூட்டிவிட்டார். 13 ஏர்ல்களும் மற்ற பிரபுக்களும் முத்திரை வைத்துக் கையெழுத்து: ராஜாவுக்கு இனிமேல் பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளை, இறந்த இளவரசனுக்குப் பிள்ளை இருந்தால் அது, இரண்டும் இல்லையென்றால் நார்வேயில் இருக்கும் மகள் வயிற்றுப் பேத்தி எங்கள் ராணி. அந்தப் பேத்திக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை, கடல் தாண்டி இருக்கிறாள், தாத்தா அவளைப் பார்த்ததே கிடையாது. ஏப்ரலில் மச்சான் எட்வர்டு அனுப்பிய ஆறுதலுக்கு நன்றி சொல்லி எழுதிய கடிதத்தில், உங்கள் சகோதரி மகளுக்குப் பிறந்த அந்தக் குழந்தையால் இன்னும் எவ்வளவோ நல்லது நடக்கலாம் என்று எழுதியிருக்கிறார். அதாவது துக்கத்துக்கு நடுவிலேயே பேத்தியின் கல்யாணத்தை வைத்து நாட்டுக்கு ஏற்பாடு யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

மறுமணமும் அதே கணக்குதான். 1285 இலையுதிர்காலத்தில், ஜெட்பர்க் மடத்தில், பிரான்ஸின் ட்ரூ கோமகனின் மகள் யோலாண்டோடு கல்யாணம். ஆண்வாரிசு வேண்டும், சீக்கிரம் வேண்டும், ஒரு மாதம்கூட வீண்போகக் கூடாது. இந்தப் பின்னணியை வைத்துக்கொண்டு அந்த ராத்திரியைப் பாருங்கள்.

1286 மார்ச். எடின்பரோ கோட்டையில் ஆலோசனைக் கூட்டம், பிறகு விருந்து, மது. வெளியே வாடைக்காற்றோடு பனியும் மழையும் சுழற்றி அடிக்கிறது. யோலாண்ட் ஃபோர்த் கழிமுகத்துக்கு அக்கரையில் கிங்ஹார்னில். ராஜா கிளம்பிவிட்டார். டல்மெனி படகுத்துறையில் ஓடக்காரர் வேண்டாம் ராஜா என்றார். என்னோடு சாகப் பயமா என்று ராஜா கேட்டாராம், உங்கள் அப்பா பிள்ளையோடு சாவது எனக்குப் பெருமைதான் என்று ஓடக்காரர் சொன்னாராம். இரண்டு மைல் தண்ணீரைத் தாண்டி இன்வர்கீதிங்கில் இறங்கியபோது கும்மிருட்டு, கூட மூன்று பேர்தான். கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுக்கும் பட்டறைகளின் பொறுப்பாளர் ஒருவர், அவர் பெயரும் அலெக்சாண்டர்தான், குரலை வைத்தே ராஜாவை அடையாளம் கண்டுகொண்டு, இந்த நேரத்தில் இந்த மழையில் இங்கே என்ன செய்கிறீர்கள், ராத்திரிப் பயணம் நல்லதுக்கில்லை என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், விடிகிறவரை எங்களோடு இருங்கள், வேண்டிய சாப்பாடு தருகிறோம் என்று உரிமையோடு கண்டித்தார். ராஜா சிரித்துவிட்டு, அதெல்லாம் வேண்டாம், வழிகாட்ட இரண்டு ஆளை மட்டும் அனுப்பு என்றார். கொஞ்ச தூரத்தில் எல்லோருமே வழி தவறினார்கள், குதிரைகள் தாமாகக் கால்வைத்துப் பாதை தேடின, அந்த இருட்டில் ராஜா தனியாகப் பிரிந்துவிட்டார். காலையில் கிங்ஹார்னுக்குப் பக்கத்தில் கடற்கரையில் கழுத்து முறிந்து கிடந்தார். வயது 44. உயரமான பாறையிலிருந்து குதிரையோடு பாய்ந்தார் என்று சொல்வது பிற்காலத்தில் ஏற்றியது, குதிரை தடுக்கியிருக்கும், அவர் விழுந்திருப்பார், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பொறுமையாக இருந்திருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அந்த உப்புப் பட்டறைக்காரர் சொன்னதைக் கேட்டிருந்தால் போதும். ஆனாலும் மூன்று பிள்ளைகளைப் புதைத்த ஒரு மனுஷன், கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத மனைவியிடம் போகத் துடித்ததை வெறும் ஆசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யோலாண்ட் கர்ப்பம் என்று சேதி. நாடே காத்திருந்தது. ஸ்கோனில் கூடி ஆறு பேரைப் பாதுகாவலர்களாகத் தேர்ந்தெடுத்து, பிறக்கப்போகும் குழந்தைக்காகக் கிட்டத்தட்ட அந்த வருடம் முடிகிற வரைக்கும் காத்திருந்தார்கள், உயிரோடு குழந்தை எதுவும் வரவில்லை. யோலாண்ட் பிறகு பிரித்தானி கோமகனை மணந்து, அவருக்கு ஆறு பிள்ளைகளைப் பெற்றாள்.

மிச்சம் பேத்தி மட்டும். 1290-ல் பர்கம் உடன்படிக்கைப்படி எட்வர்டின் மகனுக்கும் அவளுக்கும் கல்யாணம் பேசினார்கள், நம் முறைப்படி சொன்னால் மாப்பிள்ளைக்கு அவள் அத்தை பேத்தி, அதனால் போப்பாண்டவரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இரண்டு நாடும் ஒரே ராஜாராணியின் கீழ் இருந்தாலும் ஸ்காட்லாந்து தனி நாடாகவே இருக்கும் என்று அதில் எழுதினார்கள். அந்த செப்டம்பரில் ஏழு வயதுக் குழந்தை கப்பலில் வந்தது, ஆர்க்னியில் இறந்தது.

அதோடு அலெக்சாண்டரின் தாத்தா வில்லியம் ராஜாவின் வழி முழுக்க முடிந்தது. பிறகு வில்லியமின் தம்பி டேவிட்டின் பெண்கள் வழி வாரிசுகளைத் தேட வேண்டியதாயிற்று, 13 பேர் உரிமை கேட்டு வந்தார்கள். மூத்த மகள் வழியில் ஜான் பாலியல், இரண்டாவது மகள் வழியில் ராபர்ட் புரூஸ், பின்னால் ராஜாவான புரூஸின் தாத்தா. மருமகன் எரிக்கும் அந்தப் பட்டியலில் உண்டு, செத்த மகளுக்குத் தான் வாரிசு என்று. தீர்ப்புச் சொல்ல எட்வர்டைக் கூப்பிட்டார்கள், அவர் முதலில் நான் உங்களுக்கு மேலதிபதி என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்றார். யார்க் கல்யாணத்தில் பத்து வயதுப் பையன் தட்டிக் கழித்த அதே விஷயம். இந்த முறை உரிமை கேட்டு வந்தவர்கள் தலையாட்டினார்கள். 1292 நவம்பரில் பாலியல் ராஜா, 1296-ல் எட்வர்டின் படை.

1300-ல் ஜெர்மனியின் லூபெக்கிலிருந்து ஒரு பெண் நார்வேயின் பெர்கன் நகரத்துக்கு வந்து, நான்தான் மார்கரெட், சாகவில்லை, என்னை விற்றுவிட்டார்கள் என்று சொன்னாள். எரிக் அதற்கு முன்பே இறந்திருந்தார். 1301-ல் அவளை எரித்தார்கள், அவள் புருஷனின் தலையை வெட்டினார்கள். உண்மையான குழந்தையின் உடலை 1290-லேயே ஆர்க்னியிலிருந்து பெர்கனுக்குத் திருப்பி எடுத்துப்போயிருந்தார்கள், பிணத்தைப் பார்த்து மகள்தான் என்று எரிக் உறுதி சொல்லி, கிறிஸ்து தேவாலயத்தில் அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தார். அந்த தேவாலயத்தை 1531-ல் இடித்துவிட்டார்கள். அலெக்சாண்டரும் முதல் மனைவியும் இரண்டு பையன்களும் டன்ஃபெர்ம்லின் மடத்தில் இருக்கிறார்கள், மகளும் பேத்தியும் கடலுக்கு அந்தப் பக்கம், இருந்த இடம் தெரியாமல்.